உறக்கத்தில் பெற்ற பிள்ளை

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "என்ன குழந்தை?" என்பது முதல் கேள்வி. "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் முகம் மாறாமல் இருக்க நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக் கொண்டு வருகிறோம். இரண்டாவது கேள்வியில் இருக்கும் முள்ளை இன்னும் கவனிக்கவில்லை. பகலும் இரவும் இடுப்பு வலியில் துடித்துப் பெறுவதற்குச் 'சுகப்பிரசவம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் மற்றவளுடைய பிரசவத்துக்கு என்ன பெயர்? வீட்டில் புழங்குகிற பெயர் ஒன்றும் நம்மிடம் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களின் சொல்லைத்தான் கடன் வாங்கிச் சொல்கிறோம்.

"ஆபரேஷன்" என்று பதில் வந்ததும் கேட்டவர் முகத்தில் இரண்டில் ஒன்று தோன்றும். ஒன்று, "ஐயோ, பாவம்" என்ற இரக்கம். இல்லாவிட்டால், "வலி தெரியாமல் பெற்றுவிட்டாள், கொடுத்து வைத்தவள்" என்று இளக்காரம் கலந்த ஒரு பொறாமை. இரண்டும் வேறு வேறு போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒரே எண்ணந்தான். இவள் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றை இவளுக்காக வேறு யாரோ செய்துவிட்டார்கள் என்பதே அந்த எண்ணம்.

இந்த எண்ணம் நியாயமானதுதானா என்று நான் யோசிக்கத் தொடங்கியது என் அண்ணன் மகள் கேட்ட ஒரு கேள்வியால்தான். அவளுக்குப் பதினான்கு வயதில் முதுகெலும்பு கோணிப் போய், அதை நிமிர்த்துவதற்காக உலோகக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். அவள் நிமிர்ந்து நடந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்து கொண்டாள். கர்ப்பமான பிறகு எடுத்த ஸ்கேனில், நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக் கொண்டிருப்பது தெரிந்தது. கடைசி மாதம் வரை அது விலகவில்லை. அந்த நிலையில் வலி கண்டு பெறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரத்தம் பெருகித் தாயையும் சேயையும் கொண்டு போய்விடக் கூடும். ஆகவே நாள் குறித்து வயிற்றைத் திறந்து எடுப்பது என்று முடிவாயிற்று.

இந்த ஆபரேஷனை இக்காலத்தில் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்துதான் செய்கிறார்கள். தாய் விழித்திருப்பாள். திரைக்கு அப்பால் குழந்தை அழுவதைக் கேட்பாள். சற்று நேரத்தில் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தும் விடுவாள். ஆனால் கம்பி பொருத்திய முதுகில் ஊசி போடுவது சரிப்படாது என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு முழு மயக்கந்தான்.

அது எப்படி நடக்கும் என்பதை அந்த டாக்டர் முந்தின நாளே அவளிடம் பொறுமையாகச் சொன்னார். இரவிலிருந்து ஆகாரம் கூடாது. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 1946-இல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற டாக்டர் பிரசவ மயக்கங்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்த ஆபத்தை உலகத்து டாக்டர்கள் யாரும் மறப்பதில்லை. மேஜையில் படுக்க வைத்து, கர்ப்பத்தின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தாதபடி உடம்பை இடப்பக்கம் சற்றே சாய்ப்பார்கள். முகமூடி வைத்துச் சில நிமிஷம் பிராணவாயு கொடுப்பார்கள். சாதாரண ஆபரேஷனில் நோயாளி தூங்கிய பிறகுதான் வயிற்றைத் துடைத்துத் துணி போர்த்துவார்கள். இதில் அப்படியில்லை. துடைத்து, துணி போர்த்தி, எல்லோரும் கை தயாராக நின்ற பிறகுதான் மயக்க மருந்து ஏறும். மருந்து தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்கும் போய்ச் சேருமல்லவா? அதற்குள் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

ஆக, அவள் முழு விழிப்போடு, தன் வயிற்றைச் சுற்றி ஆயுதங்களோடு நிற்கிறவர்களைப் பார்த்துக் கொண்டே கண்ணை மூடினாள். கண் விழித்தபோது குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வயதாகியிருந்தது. மூச்சுக்குழாயில் வைத்த ரப்பர்க் குழாயின் உராய்வால் தொண்டை எரிந்தது. "தொண்டை ஏன் வலிக்கிறது?" என்பதுதான் தாயாகி அவள் பேசிய முதல் வார்த்தை.

நாற்பது நாள் கழிந்து ஒரு நாள் அவள் என்னிடம் கேட்டாள். "அத்தை, எல்லோரும் நீ பெற்ற பிள்ளை, நீ பெற்ற பிள்ளை என்கிறார்கள். நான் பெற்றேனா? எனக்கு ஒன்றுமே தெரியாதே. தூங்கினேன், எழுந்தேன், ஒரு குழந்தையைக் கொடுத்தார்கள். வேறு குழந்தையைக் கொடுத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது."

அவள் அழவில்லை. கணக்கில் ஒரு ரூபாய் குறைவதைக் கண்டவள் போல நிதானமாகத்தான் கேட்டாள். அதனாலேயே அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இப்படிக் கேட்கிற பெண்ணுக்கு நாம் சொல்லத் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. "தாயும் சேயும் நலம், அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பது அது. இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. வரலாறு தெரிந்தவர்கள் இதை லேசாகவும் நினைக்க மாட்டார்கள். பழைய ரோமாபுரியில், கர்ப்பிணி இறந்து போனால் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்த பிறகே அடக்கம் செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஜூலியஸ் சீசர் அவ்வாறு பிறந்தவன் என்று சொல்வதுண்டு. ஆனால் அவன் தாய் அவுரேலியா அவன் வளர்ந்து ஆளாகும் வரை உயிரோடு இருந்திருக்கிறாள். ஆகையால் அந்தக் கதையை நம்புவது கடினம். பல நூற்றாண்டுகளுக்கு இந்த ஆபரேஷன் என்றாலே பிணத்திலிருந்து பிள்ளையை எடுப்பது என்றுதான் பொருள். உயிருள்ளவளுக்குச் செய்தால் பெரும்பாலும் அவளும் பிணமானாள். வெட்டிய கருப்பையைச் சரிவரத் தைக்கும் முறையை ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்ற டாக்டர் 1882-இல் எழுதி வெளியிட்ட பிறகே தாய்மார் பிழைக்கும் காலம் வந்தது. "நான் அந்த நேரத்தில் இல்லையே" என்று ஒரு தாய் வருத்தப்படுவதற்கே அவள் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். அந்த வருத்தமே வைத்தியம் அவளுக்குத் தந்த வரந்தான்.

இருந்தாலும் அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. உண்மையான வாக்கியங்களிலும் சில, பிறர் வாயை அடைப்பதற்கே பயன்படுகின்றன. அவள் நன்றி கெட்டவள் அல்ல. நன்றியும் இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று நாம் ஏன் வற்புறுத்த வேண்டும்? கல்யாண வீட்டில் செத்துப் போன தகப்பனை நினைத்து அழுகிற பெண்ணைப் பார்த்து, "மாப்பிள்ளை நல்லவன்தானே, பிறகென்ன?" என்று யாராவது கேட்பார்களா?

அவள் கேள்வியில் இரண்டு முடிச்சுகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று வலி. மற்றொன்று நினைவு. வலிக்காமல் வந்த பிள்ளை சொந்தமாகுமா? அறியாமல் வந்த பிள்ளை சொந்தமாகுமா? இரண்டையும் தனித்தனியே அவிழ்க்க வேண்டும்.

வலிதான் தாய்மைக்கு விலை என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் என்ற டாக்டர் 1847 ஜனவரியில் பிரசவத்துக்கு ஈதரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோபார்மைக் கண்டு அதையும் கொடுத்துப் பார்த்தார். உடனே எதிர்ப்பு எழுந்தது. ஏவாளுக்கு இடப்பட்ட சாபத்தில், வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று இருக்கிறது, அதை மனிதன் மாற்றலாமா என்று கேட்டார்கள். சிம்ப்ஸன் வெறும் டாக்டராக மட்டும் பதில் சொல்லவில்லை. அதே வேத நூலைப் புரட்டினார். அங்கே உள்ள எபிரேயச் சொல்லுக்கு உழைப்பு, பிரயாசை என்றுதான் பொருள் என்று வாதித்தார். அதோடு விடவில்லை. ஆதாமின் விலா எலும்பை எடுத்து ஏவாளைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வருவித்தாரே, அது என்ன என்று திருப்பிக் கேட்டார். 1853-இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளை லியோபால்ட் பிறந்தபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் கையால் குளோரோபார்ம் வாங்கி முகர்ந்தாள். ராணி முகர்ந்த பிறகு அதைப் பாவம் என்று சொல்லப் பலருக்கும் தயக்கம் வந்திருக்க வேண்டும்.

சிம்ப்ஸனின் வாதத்தில் எனக்குப் பிடித்தது அந்தச் சொல் ஆராய்ச்சிதான். வலி வேறு, பிரயாசை வேறு. என் அண்ணன் மகள் பட்ட பிரயாசை கொஞ்சமா? முதுகில் கம்பியோடு ஒன்பது மாதம் சுமந்தாள். எந்த நேரமும் இரத்தம் கொட்டலாம் என்ற பயத்தில் கடைசி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். ஆபரேஷனுக்குப் பின் இருமினாலும் சிரித்தாலும் தையல் இழுக்க, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். ஒரு மணி நேரம் வலி இல்லை என்பதை மட்டும் எடுத்துக் கொண்டு, 'சுலபமாகப் பெற்றாள்' என்று சொல்கிறவர்கள் எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்? வலியை ஒழுக்கமாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நினைவு என்ற முடிச்சு இதைவிடக் கடினமானது. வலி தெரியாமல் இருப்பதும், தான் இல்லாமலே போவதும் ஒன்றல்ல. இதற்கு வரலாற்றில் ஒரு விசித்திரமான உதாரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்தில் கிரோனிக், கௌஸ் என்ற இரு டாக்டர்கள் மார்பினும் ஸ்கோபோலமினும் கலந்து கொடுத்து ஒரு முறையைப் பிரபலமாக்கினார்கள். 'அந்தி உறக்கம்' என்று அதற்கு அழகான பெயர். 1914-இல் அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் புகழ்ந்து எழுதின. அதை எல்லா ஆஸ்பத்திரியிலும் கொடுக்க வேண்டும் என்று அங்கே பெண்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். ஆனால் அந்த மருந்து வலியை முழுவதும் போக்கவில்லை. ஞாபகத்தைத்தான் போக்கியது. பெண்கள் கத்தினார்கள், புரண்டார்கள். வெளிச்சமும் சத்தமும் படாதபடி கண்ணைத் துணியால் மூடினார்கள், காதில் பஞ்சு அடைத்தார்கள். விழித்ததும் அவர்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "வலியே இல்லாமல் பெற்றேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். அவர்கள் வலி பட்டார்களா, படவில்லையா? மறந்துவிட்ட துன்பம் துன்பமில்லையா? மருந்தின் வேகத்தில் மறந்ததால் அவர்கள் பட்டது இல்லையென்று ஆகாது என்றுதான் நான் நினைக்கிறேன். அறைக்குள் இருந்த நர்ஸ் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அப்படியானால் அதன் மறுபக்கத்தையும் ஒப்புக் கொள்ள வேண்டும். துன்பம் நினைவில் இல்லாததால் இல்லாமல் போகாது என்றால், ஒருத்தி செய்த செயலும் நினைவில் இல்லாததால் இல்லாமல் போகாது. உள்ளே இருந்தவர்கள் கண்டார்கள். அவள் உடம்பிலிருந்துதான் அந்தக் குழந்தை வந்தது.

இன்றைய முழு மயக்கம் அந்தி உறக்கம் போன்றதல்ல. உள்ளே துடித்து வெளியே மறக்கிற ஏமாற்று அதில் இல்லை. நோயாளி அரைகுறையாக விழித்துவிடக் கூடாது என்பதில் டாக்டர்களுக்கு மிகுந்த கவலை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மயக்கத்தின் நடுவே நினைவு வந்துவிட்டதாகச் சொன்னவர்களைக் கணக்கெடுத்தது. மொத்தத்தில் சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். பிரசவ ஆபரேஷனில் மட்டும் சுமார் 670-க்கு ஒருவர். அவசரமும், குழந்தைக்காக மருந்தை அளந்து கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தமும் அதற்குக் காரணங்களில் சில. என் அண்ணன் மகள் 'எனக்கு ஒன்றுமே தெரியாது' என்று குறைப்பட்டுக் கொண்ட அந்தத் தெரியாமை, அவள் தலைமாட்டில் ஒருவர் கண் கொட்டாமல் உட்கார்ந்து காத்துக் கொடுத்தது.

இனி, உறங்குகிறவள் செய்வது அவள் செயல் ஆகுமா என்ற கேள்விக்கு வருவோம். தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கிற அக்காவை எண்ணிப் பாருங்கள். மேஜையில் படுக்கிறாள், மயக்க மருந்து கொடுக்கிறார்கள், டாக்டர் அறுத்து எடுத்து இன்னோர் உடம்பில் வைக்கிறார். அவள் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. "நீ கொடுக்கவில்லை, தூங்கிக் கொண்டிருந்தாய், டாக்டர்தான் எடுத்தார்" என்று உலகத்தில் யாராவது அவளிடம் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஏனெனில் அவள் கொடுத்த நேரம் கத்தி பட்ட நேரம் அல்ல. கொடுக்கிறேன் என்று முடிவு செய்து, காகிதத்தில் கையெழுத்திட்டு, தன் காலால் நடந்து போய் அந்த மேஜையில் ஏறிப் படுத்தாளே, அதுதான் கொடுத்த நேரம். தானத்துக்கு இந்த நியாயத்தை வழங்குகிற நாம் தாய்க்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

அதுவுமன்றி, பிள்ளையை உருவாக்கும் வேலையில் தாயின் அறிவுக்கு எப்போது பங்கு இருந்தது? விரல் முளைத்த நாள் எந்தத் தாய்க்குத் தெரியும்? இதயம் துடிக்கத் தொடங்கிய நேரம் யாருக்குத் தெரியும்? ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவள் உறங்கியே கழிக்கிறாள். அந்த இரவுகளிலும் பிள்ளை வளர்ந்து கொண்டுதான் இருக்கிறது. உறக்கத்தில் வளர்த்த வயிறு உறக்கத்தில் கொடுத்ததென்றால் அதில் அதிசயம் என்ன?

நம் நாட்டுக்குத் தாய் என்றால் நினைவுக்கு வருகிறவள் யசோதை. பாகவதக் கதையில் ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. அதை நாம் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். கண்ணன் பிறந்த அந்த இரவில் யசோதைக்கும் ஒரு குழந்தை பிறந்தது. பெற்ற களைப்பில், மாயையின் உறக்கத்தில், ஆணா பெண்ணா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அந்த உறக்கத்தில்தான் வசுதேவர் வந்து குழந்தையை மாற்றி வைத்துவிட்டுப் போகிறார். விழித்ததும் பக்கத்தில் கிடந்ததை எடுத்து அணைத்துக் கொண்டாள். தேவகியோ விழித்திருந்தாள். பிறந்த கணத்தைக் கண்ணால் கண்டாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒரு நாளையும் அவள் காணவில்லை. குலசேகர ஆழ்வார் தேவகியின் வாயாகப் புலம்பிப் பாடிய பாசுரங்களில், பிள்ளையின் இளமையை இழந்துவிட்ட அந்தத் துயரம் முழுவதும் இருக்கிறது. பெரியாழ்வாரோ யசோதையின் வாயாகத் தாலாட்டினார், நீராட்டினார், பூச்சூட்டினார். பிறந்த கணம் ஒருத்திக்கு, பிறகு வந்த நாட்கள் எல்லாம் மற்றொருத்திக்கு. இந்த இரண்டில் எதைத் தேர்வாய் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். என் அண்ணன் மகள் பயந்தாளே, 'வேறு குழந்தையைக் கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது' என்று, அதுவே நடந்துவிட்டவள் யசோதை. அவளுடைய தாய்மையில் யாரும் குறை கண்டதில்லை.

இவ்வளவும் சொன்னாலும் இழப்பு இழப்புதான் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் அழுகையை அவள் கேட்கவில்லை. அது திரும்பி வராது. வாதங்களால் அதை ஈடு செய்ய முடியாது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அங்கே ஒரு கடமை உண்டு.

அவளுக்கு முன்னால் அந்தக் குழந்தையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. நியாயமாக அவளுக்கு உரிய காட்சி எனக்குக் கிடைத்தது. அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அத்தை, அழுதானா? எப்படி அழுதான்? கண்ணைத் திறந்தானா?" நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். ஓர் அழுகையை வர்ணிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. அவன் அம்மாவைத் தேடி அழுதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் அவள் வாழ்நாள் முழுவதும் அதைப் பொத்தி வைத்துக் கொண்டிருப்பாள். ஆனால் அவளிடம் இல்லாத ஒரு நினைவுக்குப் பதிலாக நான் இட்டுக்கட்டிய நினைவைக் கொடுப்பது, வெறுங்கையில் செல்லாத நாணயத்தை வைப்பது போல. ஒரு நாள் அது செல்லாது என்று தெரிந்தால், உண்மையாகக் கிடைத்தவற்றையும் அவள் சந்தேகிப்பாள்.

ஆகவே கண்டதை மட்டும் சொன்னேன். கதவு மூடியிருந்தது, முதல் அழுகையை நானும் கேட்கவில்லை. நர்ஸ் கொண்டு வந்தபோது பச்சைத் துணியில் சுற்றியிருந்தான். காது மடலின் பின்னால் வெண்ணெய் போல வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. ஒரு முறை தும்மினான். வலது கை முஷ்டியைக் கன்னத்தில் வைத்திருந்தான். அவ்வளவுதான். "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். "அவ்வளவுதான் அம்மா" என்றேன். அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தொட்டிலில் தூங்கிக் கொண்டிருந்தவனைக் காட்டி, "இப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறான்" என்றாள்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பிறந்த நிமிஷம் எழுதியிருந்தது. முதல் நிமிஷத்தில் 8, ஐந்தாவது நிமிஷத்தில் 9 என்று இரண்டு எண்களும் இருந்தன. பிறந்த குழந்தையின் நாடித் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தொட்டால் சிணுங்குவது, மேனியின் நிறம் என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மார்க் போடும் முறை அது. வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் 1952-இல் அதை எடுத்துரைத்தார். அவர் பிரசவ டாக்டர் அல்ல, மயக்க மருந்து டாக்டர் என்பதுதான் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. தாயைத் தூங்க வைக்கிற துறையைச் சேர்ந்தவர், அவள் பிள்ளையை முதல் நிமிஷத்திலேயே ஒருவர் உற்றுப் பார்க்க வேண்டும் என்று விதி செய்து வைத்தார். தாய் விழித்திராத அந்த ஐந்து நிமிஷத்தில் குழந்தை அநாதையாக இல்லை.

இவ்வளவு சொல்கிற நான் இந்த ஆபரேஷனுக்குப் பரிந்து பேசுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 21.5 பிரசவங்கள் வயிற்றைத் திறந்து நடந்தவை. தமிழ்நாட்டில் 44.9. தெலங்கானாவில் 60.7. ஒரு நாட்டில் இந்த விகிதம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அது கூடுவதால் மரணங்கள் குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. அப்படியானால் நம்மிடையே நடப்பதில் தேவையில்லாதவையும் கலந்திருக்கின்றன என்பது வெளிப்படை. ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்காக வயிற்றைத் திறக்கச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. இதைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கண்டனம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அது வியாபாரத்துக்கும் அவசரத்துக்கும் மூட நம்பிக்கைக்கும் உரியது. தையல் ஆறாத வயிற்றோடு கட்டிலில் கிடக்கிறவளுக்கு உரியதல்ல. "சுகப்பிரசவமா?" என்று கேட்கிறவர் அவளிடமே கணக்குக் கேட்கிறார். அதுதான் அநியாயம்.

நம் மொழியில் பெறுதல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பிள்ளையை ஈனுவதும் பெறுதல்தான், ஒருவர் கொடுப்பதை ஏற்பதும் பெறுதல்தான். ஈனுவது ஒரு நாளில் முடிகிற காரியம். ஏற்பது அப்படியல்ல. இராத்திரி இரண்டு மணிக்கு அழுகிறவனை எடுக்கும்போது ஒரு முறை, காய்ச்சலில் சுருண்டு கிடப்பவன் நெற்றியைத் தொடும்போது ஒரு முறை, பிற்காலத்தில் அவன் கோபித்துக் கொண்டு வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்போது ஒரு முறை என்று, அதைத் தாய் ஆயுள் முழுவதும் செய்து கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சமயங்களில் அவள் உறங்கிவிட முடியாது.

கடைசியாக ஒன்று. நாம் எல்லோரும் பிறந்திருக்கிறோம். நம்மில் ஒருவருக்காவது அது ஞாபகம் இருக்கிறதா? எந்த ஊரில், எந்த நேரத்தில், யார் கையில் விழுந்தோம் என்பதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டு நம்பியதுதான். அதனால் நம் பிறப்பு நம்முடையது இல்லை என்று யாரும் வருந்துவதில்லை. அந்த மேஜையின் மேல் இருந்த இருவரில், தாய்க்கும் நினைவில்லை, பிள்ளைக்கும் நினைவில்லை. இருவரும் ஒரே மாதிரி, பிறர் வாயால்தான் அந்தக் காலை நேரத்தைத் தெரிந்து கொள்ளப் போகிறார்கள். பையன் பேசத் தொடங்கியதும், "நான் எப்படி அம்மா பிறந்தேன்?" என்று கேட்பான். எல்லாக் குழந்தைகளும் கேட்கிற கேள்விதான் அது. பச்சைத் துணியையும் தும்மலையும் கன்னத்தில் வைத்த முஷ்டியையும் அவள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்டதைச் சொல்கிறாளா, கண்டதைச் சொல்கிறாளா என்று அவன் விசாரிக்கப் போவதில்லை. அம்மா சொன்னாள் என்பதே அவனுக்குப் போதும்.